கலேக்கு பஸ் விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், கோயில் அறங்காவலர் சபைகள், பழைய மாணவர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பாரிஸ் பிள்ளையார் தேர் வந்தால் பஸ் ஒழுங்கு செய்வது நீங்கள்தான். கல்யாணம், சாமத்தியவீடு, உதைபந்தாட்டப் போட்டி என்று மற்ற நாட்களிலும் எங்கள் வான்களும் கார்களும் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் வரிசையில் நிற்கின்றன. ஊரில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கடலில் ஓடும் ஃபெரியை நாங்கள் 'பாதை' என்றே சொல்வோம். ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, வாகனங்களோடு எங்களைப் பிரான்சின் கலே துறைமுகத்தில் இறக்கும் டோவர்–கலே ஃபெரியும் எங்களுக்கு அப்படி ஆகிவிட்டது. ஒன்றரை மணித்தியாலம், ஒரு தேத்தண்ணி, பிள்ளைகளுக்குச் சிப்ஸ், இறங்கி ஓட வேண்டியதுதான். அதில் வேலை செய்பவர்களைப் பற்றி உங்களோடு பேசவே இதை எழுதுகிறேன்.

போன வருடம் தேர் முடிந்து கலேயில் ஏறியபோது சாமம் கடந்துவிட்டது. கார்த் தளத்தில் செம்மஞ்சள் மேலங்கியோடு ஒருவர் டோர்ச் அடித்து என்னை முன்னுக்குக் கூப்பிட்டார். முன்னால் நின்ற லொறிக்கும் என் காருக்கும் ஒரு சாண் இடைவெளி. பின் சீற்றில் இருந்த மகள் "அப்பா, இடிக்கப் போறீங்கள்" என்று கத்தினாள். "இடிக்காது பாப்பா" என்றார் அவர். தூத்துக்குடிக்காரர். "அண்ணே, ஹேண்ட்பிரேக் இழுத்துட்டு கியர்ல விட்டுருங்க, காத்து இருக்கு" என்று சொல்லிக்கொண்டே முழங்காலில் இருந்து, லொறியின் அடியில் சங்கிலியை மாட்டி, நெம்புகோலால் இறுக்கினார். கையுறையின் பெருவிரல் கிழிந்திருந்தது. கப்பலில் ஏறி எத்தனை நாள் என்று கேட்டேன். ஒன்பதாவது வாரம். கலே ஊர் எப்படி என்றேன். "இந்த ராம்ப்புக்கு அங்கிட்டு நான் போனதே இல்லண்ணே." வாகனங்கள் கப்பலில் ஏறி இறங்கும் சரிவுப் பாலத்தைத்தான் ராம்ப் என்றார்.

அது எந்த நிறுவனத்தின் கப்பல் என்று எழுதமாட்டேன். அவருடைய வேலை எனக்குப் பெரிது.

நாங்கள் இறங்கியதும் அந்தக் கப்பலில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சுமார் முக்கால் மணித்தியாலத்துக்குள் நூற்றுக்கணக்கான கார்களும் லொறிகளும் வெளியேறி, அதே அளவு மறுபடி உள்ளே வரவேண்டும். கழிவறை கழுவி, மேசை துடைத்து, சமையலறைக்குச் சாமான் ஏற்றி, கதவை அடைத்து, கயிற்றை அவிழ்த்துப் புறப்பட வேண்டும். இரவு பகல் என்று இல்லை. ஒரு நாளில் எட்டு, பத்துத் தடவை துறை பிடிக்கும் கப்பல்கள் உண்டு. நடுவில் கடக்கும் டோவர் நீரிணையிலோ தினமும் 400க்கு மேற்பட்ட கப்பல்கள் நெடுக்காகப் போய்வருகின்றன. ஃபெரிகள் அவற்றின் குறுக்கே வெட்டிக்கொண்டு போகவேண்டும். 2023இல் வந்த 230 மீற்றர் நீளப் புதுக் கப்பலுக்கு இரண்டு முனையிலும் கப்பலைச் செலுத்தும் மாலுமி மேடை இருக்கிறது. துறைமுகத்தில் திரும்பும் சில நிமிடங்களையும் அதனால் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

ஆனால் ஓய்வுக்கான சர்வதேச விதி, மாதக்கணக்கில் சமுத்திரம் கடக்கும் சரக்குக் கப்பலுக்கும் இதற்கும் ஒன்றுதான்: 24 மணித்தியாலத்தில் 10 மணித்தியால ஓய்வு. அதையும் இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று 6 மணித்தியாலமாவது இருந்தால் போதும். சமுத்திரத்தில் போகிறவனுக்கு நாட்கணக்கில் துறைமுகமே வராது. கால்வாய்க் கப்பலில் தூங்குகிறவனின் தலைமாட்டில் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை ராம்ப் இடிக்கிறது. இதையே ஒன்பது வாரம் தாங்கு என்றால் எந்த உடம்பு தாங்கும்?

களைப்பைச் சின்ன விடயமாக எடுக்காதீர்கள். 1987 மார்ச் 6 அன்று 'ஹெரால்ட் ஒஃப் ஃப்ரீ என்ரர்பிரைஸ்' என்ற ஃபெரி, முன் கதவு திறந்தபடியே பெல்ஜியத்தின் சேப்ருக்கே துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. கதவை மூடவேண்டியவர் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கார்த் தளம் தடுப்புச் சுவரே இல்லாத ஒரே மண்டபம். உள்ளே வந்த தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய, கப்பலும் சில நிமிடங்களில் சாய்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட மாலுமி மேடையில் ஒரு விளக்கு வையுங்கள் என்று கப்டன்மார் முன்பே கேட்டிருந்தார்கள், நிர்வாகம் வைக்கவில்லை. பழியை மாலுமிகளோடு நிறுத்தாமல் நிர்வாகத்தின் மீதும் போட்டது விசாரணை. இன்று அந்த விளக்குகள் இருக்கின்றன. விளக்கைப் பார்க்கும் கண் தூங்காமல் இருக்கவேண்டும் அல்லவா?

2022 மார்ச் 17 உங்களுக்கு நினைவிருக்கும். டோவர்–கலே ஃபெரி விடும் பி அண்ட் ஓ நிறுவனம் ஏறத்தாழ 800 மாலுமிகளை ஒரு வீடியோப் பதிவு மூலம் அன்றே வேலையை விட்டு நீக்கியது. புதிதாக முகவர்கள் மூலம் எடுத்தவர்களின் சராசரிச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 5.50 பவுண் என்று அதன் தலைவரே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அப்போது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 8.91 பவுண். அந்தக் கொதிப்பில் 2023இல் ஒரு சட்டம் வந்தது. வருடத்துக்கு 120 தடவையாவது எங்கள் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள், பிரித்தானியக் கடலில் இருக்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஈடாகக் கொடுக்கவேண்டும். நல்லது. ஆனால் வந்தபோது அது சம்பளத்தோடு நின்றுவிட்டது. ஒருவரை எத்தனை வாரம் கப்பலில் வைத்திருக்கலாம் என்பதைப் பற்றி அப்போது அதில் ஒன்றும் இருக்கவில்லை. அதே வருடம் யூலையில் பிரான்ஸ் இயற்றிய சட்டம், கப்பலில் இருந்த நாட்களுக்குச் சமமான நாட்கள் கரையில் ஓய்வு வேண்டும் என்கிறது. தொடர்ச்சியாக வைத்திருக்க 14 நாள்தான் எல்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். பொங்கல் விழாவுக்கும் கலைவிழாவுக்கும் எம்.பி.மாரை மேடைக்கு அழைத்து மாலை போடுகிறீர்கள். அடுத்த தடவை அவர்களிடம் இந்த 14 நாள் எல்லையை இந்தக் கரையிலும் சட்டமாக்கச் சொல்லுங்கள். பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கும்போது, ஃபெரி நிறுவனத்திடம், உங்கள் மாலுமிகள் ஒரே தொடராக எத்தனை நாள் கப்பலில் நிற்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கால்வாயில் ஓடும் நிறுவனங்கள் எல்லாவற்றிடமும் கேளுங்கள். ஐம்பது பேருக்கு இடம் பிடிக்கிற ஆளின் கேள்விக்கு அவர்கள் பதில் எழுதத்தான் வேண்டும்.

கடிதத்தின் ஆங்கில வரைவை நான் எழுதித் தருகிறேன். சங்கத்தின் கடிதத்தலைப்பில் போட்டு, தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டால் போதும். வருகிற தேருக்கு பஸ் பதியத் தொடங்கு முன் அது போய்ச் சேரவேண்டும்.

அன்புடன்,
லண்டனில் இருந்து, வருடா வருடம் உங்களோடு தேருக்கு வரும் ஒருவன்