ஆண்டறிக்கை 2024–25: ஏரியில் பழகிய ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பாக் நீரிணையை நம் நீச்சல் மன்ற உறுப்பினர் இருவர் நீந்திக் கடப்பதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். ஒருவர் உடற்கல்வி ஆசிரியர், மற்றவர் கல்லூரி மாணவி. இருவரும் இன்னும் நீந்தவில்லை. சுற்றி வளைக்காமல் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் பயிற்சி அல்ல, அனுமதி தாமதம்.

"ஏரியில் கை காலடித்தவர்கள் கடலைத் தாண்டுவார்களா?" என்று அன்றைக்கே மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1954இல் நீரிணையைக் கடந்த நவரத்தினசாமி தொண்டைமானாற்றுக்காரர், 1971இல் போய்த் திரும்பிய ஆனந்தன் வல்வெட்டித்துறைக்காரர். இரண்டும் யாழ்ப்பாணக் கடற்கரை ஊர்கள். கடல் அவர்களுக்கு வாசல். ஆனால் 1966இல் தலைமன்னாரில் இறங்கி 25 மணி 36 நிமிடத்தில் தனுஷ்கோடி சேர்ந்த மிகிர் சென், கடலே இல்லாத புருலியாவில் பிறந்தவர். நாங்கள் அவரைப் பிடித்துக்கொண்டோம்.

நவம்பர் வரை கிணற்றில்தான் பழகினார்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் முதல் வாரம் நம் ஊர் ஏரி நிரம்பி, உபரிநீர் கோடி வழியே வெளியேறியது. ஊருக்குப் பெருஞ்சேதம், அந்த வாரம் நாமும் நிவாரண வேலையில்தான் இருந்தோம். தண்ணீர் தெளிந்ததும் மதகிலிருந்து கோடி வரை கரையோரமாக 800 மீட்டர் அளந்து கொடி நட்டோம். ஜனவரி முழுக்க விடியற்காலை 4 மணிக்கு இறங்கினார்கள். பிப்ரவரி கடைசியில் இருவரும் ஒரே மூச்சில் 8 மணி நேரம் தண்ணீரில் இருந்தார்கள். மீன் குத்தகைக்காரர் தம் பரிசலைத் தந்ததோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் வலை போடாமலும் இருந்தார். பொதுக்குழு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நீரிணையில் நள்ளிரவில் இறங்க வேண்டியிருக்கும் என்பதால் இரவிலும் பழக்கினோம். மாசி அமாவாசை இரவு நடந்ததை மறைக்க விரும்பவில்லை. மாணவி இடுப்பில் பச்சை ஒளிக்குச்சி கட்டியிருந்தார். கரையில் நாங்கள் டார்ச்சை ஆட்டிக்கொண்டிருக்க, அவரோ ஒரு மோட்டார் கொட்டகை பல்பைக் கரை விளக்கென்று நினைத்து அந்தப் பக்கம் போய்விட்டார். ஏரிக்குள் பாதி முங்கி நிற்கும் கருவேல மரங்களுக்கு நடுவே போய் மாட்டினார். பரிசல் போய்ச் சேர்வதற்குள் தோளிலும் தொடையிலும் ஏழெட்டு முள் கீறல். பரிசலைத் தொட்டால் பயிற்சி செல்லாது என்று, முள்ளை விலக்கிக்கொண்டு தாமே நீந்தி வெளியே வந்தார். அவருடைய அம்மாவிடம் பதில் சொன்னது நான்தான். மறுநாளே மதகருகே உள்ள பனைமரத்தில் சிவப்பு விளக்கு கட்டினோம். முதல் நாளே கட்டியிருக்க வேண்டும். அது என் தவறு.

சாப்பாட்டிலும் பாடம் உண்டு. அரை மணிக்கு ஒருமுறை கயிற்றில் பாட்டில் கட்டி வீசினோம். கேழ்வரகுக் கூழ் பாட்டில் வாயை அடைத்துக்கொண்டது. வடிகட்டிய கஞ்சியில் பனங்கற்கண்டு போட்டதும் சரியாயிற்று. மார்ச்சில் மூன்று ஞாயிறு மரக்காணம் கடலில் இறக்கியபோது அதே கஞ்சியை இருவரும் துப்பினார்கள். உப்பில் நாக்கு தடித்துவிட, வெந்நீரும் இளநீரும்தான் இறங்கின. உப்புநீர் லிட்டருக்கு 25 கிராம் வரை கூடுதல் கனம் என்பதால் உடம்பு மேலே மிதந்தது. ஏரியில் தாழ்ந்த காலைத் தூக்கித் தூக்கிப் பழகியவர்களுக்கு அது சுகமாகவே இருந்தது. ஆனால் அக்குள் உரசிப் புண்ணானது. வாஸ்லின் டப்பா ஒரே நாளில் காலி. ஆசிரியரின் முழங்கையில் சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டு இரண்டு நாள் தடிப்பு. எல்லாவற்றுக்கும் மேல் நீரோட்டம். ஒரு மணி நேரம் கையடித்துவிட்டுத் தலைதூக்கிப் பார்த்தால் கரையில் அதே படகு, அதே இடம். ஏரியில் இதைக் கற்றுத்தர வழியே இல்லை. மூத்தவர் கேள்விக்கு என் பதில்: மூச்சும் பிடிவாதமும் ஏரியில் வந்தன. மற்றதற்குக் கடலுக்குத்தான் போக வேண்டும். நாம் போனது தாமதம்.

அனுமதி விவகாரம். இரு நாட்டு அனுமதியும் வேண்டும் என்பதால் அக்டோபரிலேயே மனு கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் அசையவில்லை. ஐந்து முறை நேரில் போனேன். மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று கடைசியில் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மேசையில் இருந்தபோதுதான் அது காலாவதியானது. அனுமதி கைக்கு வந்தது மே இரண்டாம் வாரம். நீரிணையில் மார்ச், ஏப்ரலில்தான் கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்று கிளம்பிய பிறகு பிள்ளைகளை இறக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆசிரியருக்கு இதில் வருத்தம் உண்டு.

அடுத்த ஆண்டுக்கு ஜூலையிலேயே மனு கொடுப்பது, ஜனவரியிலிருந்து மாதந்தோறும் இரண்டு ஞாயிறு கடல் பயிற்சி என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. வேன் வாடகை கூடும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை நான் வாசிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும்.

சிறுவர் கோடை வகுப்பு வழக்கம்போல் நடந்தது.

ஏரியில் இப்போது இடுப்பளவு தண்ணீர்தான். காலை நீச்சல் மறுபடி கிணற்றுக்கு மாறியிருக்கிறது. டயர் ட்யூப் கொண்டுவருபவர்கள் அதன் வால்வைத் துணி சுற்றிக் கட்டிக் கொண்டுவரவும். போன வாரம் ஒரு பையனுக்கு விலாவில் குத்திவிட்டது.

இப்படிக்கு,
செயலாளர்