இறுகிப்போன ஸ்க்ரூவுக்காக ஹப்பை மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் மோட்டார் பக்கத்தில் பிரேக் டிஸ்க் மாற்றுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காரை ஸ்டாண்டில் நிறுத்துவது, பேடு (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் கட்டை) எடுப்பது எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் டிஸ்க்கை ஹப்போடு, அதாவது வீல் மாட்டும் சுழலும் நடுப்பகுதியோடு, பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவைப் பற்றி, 'ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் கழற்றவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் மொத்தப் பாடும் அந்த ஒரு வரியில்தான்.

தூத்துக்குடியில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். ஹோண்டா சிட்டி மாதிரி கார் டிஸ்க் வேலைக்கு வந்தால், வீலைக் கழற்றியதும் அந்த ஸ்க்ரூவின் தலையைத்தான் முதலில் பார்ப்பேன். ஆறு மில்லி ஸ்க்ரூ, கூம்புத் தலை. அந்தக் கூம்பு டிஸ்க்கில் உள்ள பள்ளத்தில் முழுசாகப் பதிந்து உட்கார்ந்திருக்கும். பிரேக் சூடும் மழைத் தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்து சில வருஷத்தில் இரண்டையும் ஒரே இரும்பாக்கிவிடும்.

இதில் சாதாரண ஸ்டார் டிரைவரைப் போட்டு முறுக்கினால் நுனி மேலே ஏறி வழுக்கும். ஜப்பான் கார்களின் ஸ்க்ரூவில் உள்ள வெட்டு, நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் (சாதாரண ஸ்டார்) நுனியிலிருந்து கொஞ்சம் வேறுபடும். பிலிப்ஸ் அடிவரை இறங்காமல் ஆடும். இரண்டு தடவை வழுக்கினால் தலை உருண்டுவிடும். அப்புறம்தான் வாடிக்கையாளரிடம் ஹப்பையே மாற்ற வேண்டும் என்று சொல்வது. சமீபத்தில் ஒருவர் அப்படி ஒரு எஸ்டிமேட்டோடு என்னிடம் வந்தார். ஹப், பேரிங், கூலி என்று டிஸ்க் விலையைத் தாண்டி எழுதியிருந்தார்கள். அந்த ஹப்பில் ஒரு குறையும் இல்லை.

இதற்கென்றே இம்பாக்ட் டிரைவர் என்று ஒரு கைக்கருவி இருக்கிறது. கரண்ட் வேண்டாம். மூன்றாம் நம்பர் ஸ்டார் பிட்டை (நுனியை) மாட்டி, இடப்பக்கம் சுற்றும்படி வைத்து, ஸ்க்ரூவில் நேராக நிறுத்தி, கையால் இடப்பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கனமான சுத்தியால் பின்னால் ஓங்கி அடிக்க வேண்டும். அடிக்கிற அடியே பிட்டை வெட்டுக்குள் அழுத்தும், அதே அடியே சுற்றவும் வைக்கும். அழுத்தமும் சுற்றும் ஒரே நேரத்தில் வருவதால் வழுக்க இடமில்லை. பிடி விட்டதும் கைக்குத் தெரியும். அதன் பிறகு சாதாரண டிரைவரே போதும்.

கட்டுரையில் கேலிப்பரை (பேடுகளை டிஸ்க் மேல் அழுத்தும் பகுதியை) எடுத்த பிறகு ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். வரிசையே தப்பு. கேலிப்பர் இருக்கும்போதே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஸ்க்ரூவை இளக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடிக்க அடிக்க டிஸ்க் கூடவே சுற்றும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரம் விடலாம், ஆனால் பழைய பேடையே திரும்பப் போடுவதாக இருந்தால் அதில் ஒரு துளி படக் கூடாது. கேஸ் வைத்துச் சூடாக்குவதை நான் செய்வதில்லை. பக்கத்திலேயே பேரிங் கிரீஸும் ஏபிஎஸ் சென்சார் வயரும் இருக்கின்றன.

தலை ஏற்கெனவே உருண்டு வந்த வண்டிகளில் நடுவில் பஞ்ச் வைத்து, சின்ன பிட்டில் தொடங்கி எட்டு மில்லி வரை தலையை மட்டும் டிரில் போட வேண்டும். தலை போனால் டிஸ்க் வந்துவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் பிளையரால்) பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் சாதுவாகவே வரும், ஏனென்றால் பிடித்துக்கொண்டிருந்தது தலைதானே. டிஸ்க் ஹப்பில் ஒட்டிக்கொண்டால் சம்மட்டி வேண்டாம், பேரிங் பாவம். டிஸ்க்கிலேயே இரண்டு எட்டு மில்லி மரை ஓட்டை இருக்கும். அதில் போல்ட்டைப் போட்டு மாறி மாறி இறுக்கினால் தானே வெளியே தள்ளும்.

ஓடும்போது டிஸ்க்கைப் பிடித்திருப்பது வீல் நட்டுகள்தான். ஹோண்டாவில் அந்த ஸ்க்ரூவின் இறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீட்டர், வீல் நட்டுக்கு 108. அதனால் ஸ்க்ரூ இல்லாமல் ஓட்டினால் ஆபத்தா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்பதுதான் பதில். ஆனாலும் நான் புது ஸ்க்ரூ போட்டுத்தான் அனுப்புவேன். பஞ்சர் கடையில் வீலைக் கழற்றும்போது டிஸ்க் சாய்ந்து, ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் துருத்தூள் விழுந்தால், பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். ஹப் முகத்தைத் துருப் போகத் தேய்க்காமல் புது டிஸ்க் போட்டாலும் இதே கதை. பழியெல்லாம் டிஸ்க் கம்பெனி மேல் விழும்.

புது ஸ்க்ரூவின் மரையிலும் கூம்பிலும் காப்பர் கிரீஸ் லேசாகத் தடவி, அளவாக இறுக்கினால் அடுத்த முறை கழற்றுபவருக்கு இந்தப் பாடு இல்லை. அதையும், பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்க்ரூவை முதலில் இளக்கச் சொல்வதையும் அடுத்த ஞாயிறு பக்கத்தில் ஒரு திருத்தமாகப் போட்டால் நன்றாக இருக்கும்.

— ஒர்க்‌ஷாப் நடத்தும் ஒரு வாசகர், தூத்துக்குடி