பிசையாதே தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பர்கர் படத்தைப் பார்த்தேன். பன்னுக்கு நடுவில் கறி பந்து மாதிரி உப்பி நிற்கிறது. கடித்தால் ரப்பர் போல இருக்கிறது என்றும், கறிதான் சரியில்லை என்றும் எழுதியிருந்தாய். கறிமேல் தப்பே இல்லை. உப்பு, வெங்காயம், முட்டை, ரொட்டித்தூள் எல்லாவற்றையும் கொட்டி, மாவு பிசைவது போலப் பிசைந்திருக்கிறாய். அங்கேதான் கெட்டது.

கொத்துக்கறியோடு உப்பைச் சேர்த்துப் பிசைந்தால், உப்பு கறியிலுள்ள புரதத்தைக் கரைத்துவிடும். கரைந்தது பசை மாதிரி எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும். சாசேஜுக்கு அந்த இறுக்கம் வேண்டும், பர்கருக்கு ஆகாது. உப்பை மேலே மட்டும் தூவி நான் முதன்முதலில் சுட்ட அன்று, ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். உள்ளே இழை இழையாகப் பிரிந்தது. இழைகளுக்கு நடுவே சாறு மினுமினுவென்று நின்றது. அன்றிலிருந்து நான் பிசைவதே இல்லை.

கொழுப்பு 20 சதவீதம் இருக்கிற மாட்டுக் கொத்துக்கறியாக வாங்கு. கொழுப்பில்லாத கறி உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால், அதை வேறு சமையலுக்கு வைத்துக்கொள். ஒரு பர்கருக்கு 150 கிராம். உருட்டாமல், உதிராத அளவுக்கு மட்டும் சேர்த்துப் பிடித்து, பன்னைவிடக் கொஞ்சம் அகலமாகத் தட்டு. வேகும்போது ஓரம் சுருங்கி நடு உப்பும், அதனால் நடுவில் கட்டைவிரலால் ஒரு பள்ளம் வை. அப்புறம் கல்லில் போடும் வரை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

கனமான இரும்புக் கல் லேசாகப் புகையும் வரை காயட்டும். போடுவதற்குச் சற்று முன்னால் உப்பும் மிளகுத்தூளும் தூவு. போட்டதும் ஒட்டிக்கொள்ளும், பயந்து பிடுங்காதே. அடியில் பழுப்பாக மொறுமொறுவென்று பிடித்ததும் அதுவே விட்டுவிடும். அந்தப் பழுப்பில்தான் வாசனை, ருசி எல்லாம். கரண்டியால் அழுத்தவும் கூடாது. சொய்யென்று சத்தம் வரும், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் போவது சாறு. சீஸ் கடைசி ஒரு நிமிஷத்தில். பன்னின் உள்பக்கத்தை வெண்ணெய் தடவி வாட்டிவிடு, சாறு பட்டாலும் ஊறி நசநசத்துப் போகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இரு. முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல்புறத்தில்தான் இருக்கும். அரைத்துவிட்டால் உள்ளேயும் கலந்துவிடும். அதனால் முழுத் துண்டாகச் சுடும் ஸ்டேக் மாதிரி நடுவில் சிவப்பாக விடாதே. தெர்மாமீட்டரைக் குத்திப் பார், நடுவில் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதே, ஏமாற்றிவிடும்.

சாண்ட்விச்சும் கேட்டிருந்தாய். அதற்குக் கொத்துக்கறி வேண்டாம். தோள்பட்டைக் கறியைப் பெரிய துண்டாக வாங்கி, எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, வெங்காயமும் பூண்டும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து மூடி, சின்னத் தீயில் 3 மணி நேரம் விடு. அந்த இடத்துக் கறியில் ஜவ்வு அதிகம். பொறுமையாக வெந்தால் ஜவ்வு கரைந்து ஜெலட்டினாகி, முள்கரண்டி பட்டாலே பிரியும். அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் இறக்கினால் செருப்புத் தோல்தான்.

கறியைப் பிய்த்துக் கெட்டியான ரொட்டிக்குள் வை. பாத்திரத்தில் மீந்த சாற்றைக் கொட்டிவிடாதே. மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சாண்ட்விச்சை முக்கி முக்கிச் சாப்பிடு.

பர்கரை மறுபடி செய்தால் படம் அனுப்பு. இந்த முறை பாதியாக வெட்டி, உள்பக்கம் தெரிகிற மாதிரி எடு.

அன்புடன்,
அக்கா