மாவட்டத்தை அறிந்தவருக்கு ஒரு பதவி: மாநிலத் திட்டக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு வணக்கம்.

பொருளியலில் முதுகலை முடித்துவிட்டு, மாவட்டப் பொருளாதார ஆய்வுகளிலும் வேலைவாய்ப்புத் திட்ட ஆலோசனையிலும் காலம் தள்ளுகிறவள் நான். ஆலோசனை நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கிறேன். நிறுவனத்தின் ஆளாக அரசு அலுவலகத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கோப்புகளைத் தயாரித்தும் இருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் என்ற உரிமையில் உங்களிடம் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும், அந்தந்த மாவட்டத்தின் வேலைச் சந்தையைப் படிப்பதையே முழுநேரப் பணியாகக் கொண்ட பொருளியலாளர் பதவிகளை நிரந்தரமாக உருவாக்குங்கள். 1971இல் தொடங்கிய உங்கள் அமைப்பைத் தவிர, இதை முன்னெடுக்கப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஆய்வுகள் இப்போது பெரும்பாலும் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு மாவட்டத்துக்குத் திறன் இடைவெளி ஆய்வு, அதாவது ஆலைகள் கேட்கும் திறனுக்கும் ஆட்களிடம் இருக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடும் ஆய்வு, வேண்டும் என்று ஒரு துறை முடிவு செய்து ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. ஆண்டு வருவாய் இத்தனை கோடி இருக்க வேண்டும், இதே போன்ற வேலைகளை முன்பே இத்தனை செய்திருக்க வேண்டும் என்று தகுதி நிபந்தனைகள். அந்த வாசலைப் பெரிய நிறுவனங்கள் மட்டுமே தாண்ட முடியும். வேலை கிடைத்ததும் குருகிராமிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மூன்று நான்கு இளைஞர்கள் வருகிறார்கள். கெட்டிக்காரர்கள், கடுமையாக உழைப்பவர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மாவட்டத் தொழில் மையத்தின் கோப்பு தமிழில் இருக்கிறது, தொழிற்பேட்டைச் சங்கத் தலைவர் தமிழில் பேசுகிறார், கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. களத்தில் இறங்கிப் படிவம் நிரப்ப உள்ளூர்க் கல்லூரி மாணவர்களைப் பிடிக்கிறார்கள். ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. சில மாதங்களில் அறிக்கை வருகிறது, கடைசித் தவணை கைமாறுகிறது, குழு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுகிறது. பிறகு மாவட்ட ஆட்சியர் ஓர் அட்டவணையைக் காட்டி, இந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால், பதில் சொல்ல அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். தென் மாவட்டம் ஒன்றில், கல்லூரி மைதானத்தில் நடந்த வேலைவாய்ப்பு முகாமில் பார்த்ததைச் சொல்கிறேன். ஐடிஐ முடித்த ஒரு பெண்ணுக்கு ஒரு தொழிற்சாலையின் மேசையில் வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் பேசியாயிற்று, மதியச் சாப்பாடு உண்டு என்றும் சொல்லியாயிற்று. அவள் கேட்டது ஒன்றுதான்: "இரண்டாவது ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் சார்?" பத்தரை மணிக்கு என்றார்கள். "எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஒன்பது மணிக்கே போய்விடுமே." நிறுவனத்தின் வண்டி நெடுஞ்சாலைச் சந்திப்பு வரைதான் வரும், அங்கிருந்து அவள் ஊர் இன்னும் உள்ளே. ஆணையை வாங்காமல் போய்விட்டாள். எங்கள் படிவத்தில், வேலையை மறுத்ததற்கான காரணம் என்று ஒரு கேள்வி இருந்தது. சம்பளம் குறைவு, ஆர்வமின்மை, தகுதிக் குறைவு, குடும்பச் சூழல் என நான்கு கட்டங்கள். படிவம் நிரப்பிய மாணவி வேறு வழியில்லாமல் குடும்பச் சூழல் என்பதில் குறியிட்டாள். அதோடு ஓரத்தில் பென்சிலால் ‘பஸ் இல்லை’ என்று எழுதியும் வைத்தாள். தரவை உள்ளிடும் மென்பொருளில் பென்சில் எழுத்துக்கு இடமில்லை. இறுதி அறிக்கையில் ‘குடும்பச் சூழல்’ ஒரு நீளமான பட்டையாக வந்தது. அதன் கீழே, பெற்றோருக்கு விழிப்புணர்வு முகாம்கள் நடத்த வேண்டும் என்ற பரிந்துரையும் வந்தது. தேவைப்பட்டது ஒரு பஸ்ஸின் நேர மாற்றம். அதை அந்த மாணவி கண்டுபிடித்துவிட்டாள். அவள் அந்த ஊர்க்காரி என்பதால் கண்டுபிடித்தாள்.

இது ஏதோ ஒரு படிவத்தின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவால் பலர் நோயுற்றதை அடுத்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது, செய்தி உலகம் முழுக்கப் போயிற்று. அதன் பிறகு, 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 706.50 கோடி ரூபாய்ச் செலவில் மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் கட்டித் திறந்தது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இவ்வளவு பெண்கள் எங்கிருந்து வருவார்கள், எங்கே தங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்பது ஆலை வருவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் நம் மாநிலத்தில்தான் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில் தொழிலாளர் கொள்கை என்பது பயிற்சி வகுப்போடு முடிந்துவிட முடியாது. படுக்கை, பஸ், குழந்தைகள் காப்பகம், குடிநீர் எல்லாம் அதற்குள் அடங்கும்.

பயிற்சியை எண்ணும் முறையையும் பாருங்கள். 2014இல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாயா ஊரகத் திறன் பயிற்சித் திட்டத்தில், பயிற்சி பெற்றவர் மூன்று மாதம் வேலையில் இருந்ததற்குச் சம்பளச் சான்று காட்டினால் வேலை கிடைத்ததாகக் கணக்கு. நான்காவது மாதம் அவர் ஊர் திரும்பிவிட்டாரா, வேறு ஆலைக்கு மாறினாரா, திருமணமாகி நின்றுவிட்டாரா என்று பின்தொடர வேண்டுமானால், அதற்கு அந்த மாவட்டத்திலேயே தங்கியிருக்கும் ஒருவர் வேண்டும். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் பயிற்சி பெற்ற மாணவர்களுக்கும் இது பொருந்தும். ஐந்து ஆண்டு கழித்து அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் அந்தத் திட்டத்தின் உண்மையான மதிப்பெண்.

தரவும் இப்போது நமக்குத் தோதாக வந்திருக்கிறது. மத்திய அரசு 2017 முதல் நடத்திவரும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, 2025 ஜனவரி முதல் மாவட்டத்தையே அடிப்படை அலகாக வைத்து மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கிறது. மாநில அரசு தன் பங்குக்கு மாதிரிகளைக் கூட்டினால், மாவட்ட வாரியான மதிப்பீடுகள் கைக்கு எட்டும். மாநிலச் சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் காஞ்சிபுரத்தையும் அரியலூரையும் போட்டுக் குழப்பும் வேலை இனி வேண்டியதில்லை. அந்த எண்களைப் பிரித்துப் படித்து, அரியலூர் ஆட்சியரின் மேசையில் ஒரு பக்கக் குறிப்பாக வைக்க யார் இருக்கிறார்கள் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

நாம் இதற்குப் புதியவர்கள் அல்லர் என்பதை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915 டிசம்பரில் வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்களில் யாரிடம் எவ்வளவு நிலம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, யார் எங்கே பிழைக்கப் போனார்கள் என்று எழுதி வாங்கினார். 1918இல் அது நூலாக வந்தது. 1930களிலும் 1960களிலும் 1980களிலும் வேறு ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். 2008இல் இருவேல்பட்டை மறுபடி ஆராய்ந்த மூவரில் ஒருவர் ஜெ. ஜெயரஞ்சன், 2021இல் உங்கள் குழுவின் துணைத் தலைவராகப் பொறுப்பேற்றவர். ஓர் ஊரைத் தலைமுறைகளாகத் திரும்பத் திரும்பப் பார்ப்பதன் அருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. சூரிய மின்தகடு செய்யும் டாடா ஆலையில் பெரும்பாலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். தூசிக்கு அருகே செய்யாறு சிப்காட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் காலணி தைக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய கூலிக் கணக்கு கையில் இருக்கும் ஊர்கள் உலகத்தில் எத்தனை? அங்கே வந்த ஆலை அந்த ஊரின் நிலமற்ற வீடுகளுக்கு என்ன செய்திருக்கிறது, யாரைச் சேர்த்துக்கொண்டது, யாரை வாசலில் நிறுத்தியது என்று சொல்ல நம்மால் முடியும். அதற்கு ஒருவர் ஆண்டுதோறும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒப்பந்த ஆய்வு எதுவும் இதைச் செய்யாது, ஏனென்றால் ஒப்பந்தம் முடிந்துவிடும்.

போகக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அரசு கலைக் கல்லூரிகளின் பொருளியல் துறைகளில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். கடைசிப் பருவத்தில் எழுதிய ஆய்வேடுகள் பீரோவில் நூல் கட்டிக் கிடக்கின்றன. விசைத்தறிக் கூலி, முருங்கை வியாபாரம், தீப்பெட்டித் தொழிலில் பெண்கள் என்று எல்லாம் சொந்த ஊர் விஷயங்கள். சிலவற்றின் புள்ளியியல் பலவீனமானது, ஒத்துக்கொள்கிறேன். அது கற்றுக்கொடுத்தால் வந்துவிடும். தறி உரிமையாளரிடம் எப்படிக் கேட்டால் உண்மைக் கூலியைச் சொல்வார் என்பதைக் கற்றுக்கொடுப்பது அதைவிடக் கடினம். அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. படிப்பு முடிந்ததும் இவர்கள் எங்கே போகிறார்கள்? குரூப் 2, குரூப் 4, வங்கித் தேர்வு, பி.எட். பொருளியல் படித்ததற்காகவே கிடைக்கும் வேலை என்று ஊரில் ஒன்று இல்லாததால் பாடத்தையே கைவிடுகிறார்கள். மத்திய அரசில் 1961 முதல் இந்தியப் பொருளாதாரப் பணி இருக்கிறது. அங்கே கிடைக்கும் இடங்கள் சொற்பம். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் (ஃபெலோஷிப்) நல்ல திட்டம்தான், ஆனால் அது இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. ஆலோசனை நிறுவனங்களோ பெயர் பெற்ற மேலாண்மைக் கல்லூரிகளின் பட்டத்தைத்தான் முதலில் பார்க்கின்றன.

ஆகவே நான் கேட்பது இது. மாவட்டத்துக்கு மூன்று பேர்: ஒரு பொருளியலாளர், ஒரு புள்ளியியலாளர், ஒரு களப்பணி அலுவலர். டிஎன்பிஎஸ்சி வழியாகத் தேர்வு. குறைந்தது ஐந்து ஆண்டு அதே மாவட்டம். பதவி உயர்வு வேண்டுமென்றால் சென்னைக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது. மாவட்டத்தில் இருந்துகொண்டே மேலே போக வழி வேண்டும். இல்லாவிட்டால் நல்லவர்கள் எல்லோரும் மூன்றாம் ஆண்டே இடமாற்றம் கேட்பார்கள். 38 மாவட்டங்களுக்கு 114 பேர். ஒருவருக்கு மாதம் 1 லட்சம் ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 13 கோடியே 68 லட்சம் ரூபாய். 2030க்குள் ஒரு லட்சம் கோடி டாலர் பொருளாதாரம் என்று இலக்கு வைத்திருக்கும் மாநிலத்துக்கு இது ஒரு தொகையா?

இவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதற்கும் விடை உண்டு. அரசியலமைப்புச் சட்டமே மாவட்டத் திட்டக் குழுவை விதித்திருக்கிறது. அதன் உறுப்பினர்களுக்கு 2023இல் தேர்தலும் நடந்தது. மாவட்ட வளர்ச்சித் திட்டத்தின் வரைவைத் தயாரிப்பது அந்தக் குழுவின் கடமை. கடமை இருக்கும் இடத்தில் ஆளையும் வையுங்கள். மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர், வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மைய அலுவலர், போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் மூவரையும் மாதம் ஒருமுறை ஒரே மேசைக்கு அழைக்கும் அதிகாரம் அந்தப் பொருளியலாளருக்கு வேண்டும். மூன்றாமவரை வலியுறுத்திக் கேட்கிறேன்.

தனியார் ஆலோசகர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த நாட்டில் எந்தத் தொழில் இடம் மாறப் பார்க்கிறது, எந்த நிறுவனம் முதலீட்டுக்கு இடம் தேடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதற்கு அவர்களை அழையுங்கள். ஆனால் அரசுப் பணத்தில் திரட்டிய மூலத் தரவு முழுவதும் அரசின் சொத்து என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஆள் அடையாளங்களை நீக்கிவிட்டுப் பொதுவில் வையுங்கள். அறிக்கை தமிழிலும் வர வேண்டும். உள்ளூர்க் கல்லூரித் துறையைக் கூலிக்குப் படிவம் நிரப்பும் இடமாக நடத்தாமல், பங்காளியாகச் சேர்த்து அவர்கள் பெயரையும் அறிக்கையில் போட வேண்டும்.

வெளியே பார்க்க வேண்டும் என்றால் ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே நியூரம்பெர்க்கில் 1967 முதல் வேலைச் சந்தைக்கென்றே ஓர் அரசு ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. வட்டாரங்கள் தோறும் அதன் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஒரு ஊரில் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டால், அந்த ஊரைப் பற்றிய பல ஆண்டுக் கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

எல்லா மாவட்டங்களிலும் ஒரே ஆண்டில் தொடங்குவது சிரமம் என்றால், ஆலைகள் புதிதாக வந்துகொண்டிருக்கும் இடங்களிலிருந்து தொடங்குங்கள். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை திறக்கப்பட்டது. பெரம்பலூருக்குக் காலணி ஆலைகள் வந்திருக்கின்றன. கங்கைகொண்டானுக்காகத் திருநெல்வேலியையும் செய்யாற்றுக்காகத் திருவண்ணாமலையையும் சேர்த்தால் நான்கு மாவட்டங்கள், 12 பேர். இந்த ஆலைகளில் முதலில் சேர்ந்த தொழிலாளர்கள் இன்னும் அங்கே இருக்கும்போதே கணக்கைத் தொடங்கிவிட வேண்டும். பின்னால் போய்க் கேட்டால் முதல் ஆண்டுச் சம்பளம் யாருக்கும் சரியாக நினைவிருக்காது.

அடுத்த மானியக் கோரிக்கைக்கு முன்பு இந்த 12 பதவிகளுக்கான பணி விதிகளின் வரைவை வெளியிட்டு, மக்களின் கருத்தைக் கேளுங்கள். விதிகளை எழுத உதவி வேண்டுமானால், இந்தத் துறையில் களப்பணி செய்த பலர் ஊதியம் எதிர்பார்க்காமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மாவட்ட ஆய்வுப் பணியில் இருக்கும் பொருளியல் பட்டதாரி ஒருத்தி