மின்னூலுக்கும் மெய்ப்புப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கண்புரை அறுவைக்குப் பிறகு நான் படிப்பதெல்லாம் மின்னூல்தான், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே! ஆனால் போன வாரம் காசு கொடுத்து வாங்கிய நாவல், அச்சுப் பக்கத்தை அப்படியே பிடிஎப் ஆக்கியது. பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. விரலால் இழுத்து இழுத்து, மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிட்டேன். திரைக்கேற்ப வரியை மடித்துத் தரும் இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவம் 2007லிருந்தே இருக்கிறது.

திருட்டுப் பிரதிக்குப் பயந்து பதிப்பாளர்கள் மின்னூலை நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போடுகிறார்கள், சரி. அது காசு கொடுத்தவரைத்தான் படுத்துகிறது. கருவியை மாற்றினால் சில நேரம் புத்தகம் திறக்காது. அமெரிக்காவின் டோர் புக்ஸ் பதிப்பகம் 2012லேயே பூட்டை எடுத்துவிட்டது. இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

அப்புறம், பதிப்பாளர்களே, மெய்ப்புப் பார்ப்பவரிடம் மின்னூலையும் ஒருமுறை காட்டுங்கள். என்னிடமுள்ள இன்னொன்றில் ‘ஸ்ரீ’ வரும் இடமெல்லாம் வெறும் கட்டம்!

– ஒரு வாசகி