பெரியப்பாவுக்கு ஒரு மந்திரவாதிக் கதை

அன்புள்ள பெரியப்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா சொன்னாள். இதைக் கையால் எழுதி அனுப்பினால், என் கோழிக் கிறுக்கலைப் படித்தே புதுக் கண்ணும் கெட்டுவிடும். இங்கே இணையத்தில் எழுதினால் தம்பி போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவான். கூட நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை, நமக்குள் ரகசியம் என்ன இருக்கிறது.

கட்டுப் பிரித்ததும் முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்டீர்கள். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' என்றேன். "மந்திரவாதிக் கதையா? சயின்ஸ் இருந்தா சொல்லு" என்று போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இந்த சயின்ஸ் ஃபிக்ஷன் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே நீங்கள்தான். விகடனில் வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டிங் போட்டு வைத்திருந்தீர்கள். கதாநாயகி நிலா அழுதுகொண்டிருக்கும் பக்கத்துக்குப் பின்னால் சீயக்காய்த்தூள் விளம்பரம் வரும். கதை நடப்பது 2021-ல். எல்லாருக்கும் இரண்டெழுத்தில் பெயர், நாட்டை ஆள்பவன் ஜீவா. ஒருநாள் பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் போகும்போது, வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் போர்டைப் பார்த்து, "இதுவும் அவனோடதா பெரியப்பா?" என்று கேட்டேன். பெட்டியே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்காமல், பேசின் பிரிட்ஜ் வரும்வரை தோழர் ஜீவானந்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். 2021 வந்தும் போய்விட்டது. பேசுகிற இயந்திரம் கிடைத்துவிட்டது, கதையில் வரும் ரோபோ நாய் ஜீனோ மாதிரி வாலாட்டத்தான் அதற்குத் தெரியவில்லை.

அப்புறம் சயின்ஸ் ஃபிக்ஷன் எழுதிய ஆர்தர் சி. கிளார்க். மூர் மார்க்கெட்டில் பழைய விலைக்கு வாங்கிய 'ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்', அட்டை கிழிந்தது. 1985 மே மாதம் மார்க்கெட் எரிந்தபோது, "இது ஒண்ணு நம்மகிட்ட வந்து தப்பிச்சுது" என்று அதைத் தடவிப் பார்த்தீர்களாம், பெரியம்மா சொல்லியிருக்கிறார். பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் கதை. கோபுரம் மாதிரிக் கீழேயிருந்து எழுப்ப முடியாது, 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கம்பியை இறக்க வேண்டும் என்று விளக்கினீர்கள். எனக்குப் புரியவில்லை. உடனே சணல் கயிற்றில் ஸ்பேனரைக் கட்டி மொட்டைமாடியில் சுழற்றிக் காட்டினீர்கள். "சுத்துற வரைக்கும் கயிறு தொய்யாது பாரு." பாட்டி போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது.

அந்தக் கதைக்காக கிளார்க் இலங்கையையே தெற்கே தள்ளி நிலநடுக்கோட்டில் வைத்தார். அதற்கு நீங்கள் ஒரு வார்த்தை மறுப்புச் சொன்னதில்லை. ஒரு தீவையே நகர்த்தியவரை நம்பினீர்கள், லெ குவின் ஒரு பையனுக்கு மந்திரம் கற்றுக்கொடுத்தால் மட்டும் போனை வைப்பதா?

2008 பிப்ரவரி 27-ல் சுஜாதா போனார், மார்ச் 19-ல் கிளார்க். "மேல ஏதோ மீட்டிங் போட்டிருக்காங்க போல" என்றீர்கள். அதற்குப் பிறகு புதிதாக யாரையும் நீங்கள் படித்து நான் பார்க்கவில்லை.

சரி, லெ குவினுக்கு வருகிறேன். 1968-ல் வந்த எர்த்ஸீ முதல் புத்தகத்தில் கெட் என்ற ஆடு மேய்க்கும் பையன் மந்திரம் படிக்கப் போகிறான். அங்கே மந்திரக்கோலை ஆட்டினால் போதாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு, அது தெரிந்தால்தான் மந்திரம் பலிக்கும். ஒரு தனிக் கோபுரத்தில் உட்கார்ந்து, முனை, குடா, குட்டித் தீவு என்று பட்டியல் பட்டியலாகப் பெயர்களை மனப்பாடம் செய்கிறான். ரயில்வே லோகோ பணிமனையில் உங்கள் ஸ்டோர்ஸ் நினைவு வரவில்லையா? பார்ட் நம்பர் சொல்லாமல் ஒரு நட்டாவது கொடுத்திருப்பீர்களா?

மனிதர்களுக்கும் அப்படித்தான். உண்மைப் பெயரை நெருங்கியவர்களிடம் மட்டும் சொல்வார்கள், ஊருக்கு வேறு பெயர். கல்யாணமாகிக் காசிமேட்டுக்கு வந்த பிறகுதான் இது எனக்கு முழுசாகப் புரிந்தது. இங்கே ஆதார் கார்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. பட்டப்பெயரைச் சொன்னால் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள்.

இன்னொன்று, அந்த மந்திரத்துக்கு விலை உண்டு. ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு காய்ந்துபோகலாம் என்று ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்கள். ஊருக்கு விளக்கு எரிய எண்ணூர் அனல் மின்நிலையச் சாம்பலைச் சுமந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. இதில் சயின்ஸ் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

கெட்டின் நிறம் செம்பு, அவன் நண்பன் கறுப்பு. 2004-ல் டிவி தொடராக எடுத்தவர்கள் கெட்டை வெள்ளைக்காரனாக்கிவிட்டார்கள். லெ குவின் சும்மா இருக்கவில்லை, பத்திரிகையில் எழுதியே கண்டித்தார்.

மந்திரவாதி வரும் புத்தகம் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனில் எனக்கே பாதியில் தூக்கம் வந்தது, என் தோழி இதைப் படித்தால் பேசவே மாட்டாள். சயின்ஸ் ஃபிக்ஷன் எழுதிய ஆக்டேவியா பட்லரை அடுத்ததற்கு வைத்திருக்கிறேன். உருளைக்கிழங்கு சிப்ஸைச் சோதிக்கும் வேலை, பாத்திரம் கழுவும் வேலை என்று என்னென்னவோ பார்த்துக்கொண்டு, விடிவதற்கு முன்னால் எழுந்து எழுதியவர். ஷிப்ட் பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

ஒரே ஒரு இடத்தை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடலில் அலையும் கெட் ஒரு கிழவரிடம் படகு வாங்குகிறான். விலையாக அவர் கண்ணில் படர்ந்திருந்த புரையை நீக்கிவிடுகிறான். கிழவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படகுக்கு 'லுக்ஃபார்' (தூரம் பார்ப்பது) என்று புதுப் பெயர் வை, முகப்பில் இரண்டு பக்கமும் கண் வரைந்துகொள், என் நன்றி அந்தக் கண் வழியாகப் பார்த்துப் பாறையில் மோதாமல் உன்னைக் காப்பாற்றும் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். நீங்கள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருங்கள், நான் வாசிக்கிறேன். பிடிக்காவிட்டால் நிறுத்திவிட்டு கிளார்க்கையே எடுப்போம். வவ்வால் மீன் வாங்கி வரட்டுமா, நண்டா என்று பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். விடியற்காலையில் போனால்தான் நல்லதாகக் கிடைக்கும்.

உங்கள்
பாப்பா