ஹோம்ஸைச் சும்மா உட்கார வைக்காதீர்கள்

குறைந்த செலவில் ராட்சதப் பிராணிப் படங்கள் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். புகார் மடல் என்று நினைத்து இதை மூடிவிட வேண்டாம். உங்கள் படங்களைக் கடைசிப் பெயர் ஓடி மறையும்வரை உட்கார்ந்து பார்க்கும் சிறுபான்மையினரில் நான் ஒருவன். நீரில் நனையாத கடல் பூதத்தையும் நிழல் விழாத டைனோசரையும் மன்னித்துப் பழகியவன். துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் விஷயத்தில்தான் எனக்கு உங்களோடு வழக்கு இருக்கிறது. அவரை அழைத்து வந்ததற்காக அல்ல, வந்தவருக்கு வேலை கொடுக்காததற்காக.

2009 டிசம்பரில் இயக்குநர் கய் ரிச்சியின் 'ஷெர்லக் ஹோம்ஸ்' என்ற பெரிய படம் வந்தது. அடுத்த மாதமே உங்கள் ரகத்துத் தயாரிப்பு நிறுவனமான 'தி அசைலம்' அதே பெயரில் தன் படத்தை டிவிடியில் இறக்கியது. அடுத்தவர் மூட்டிய நெருப்பில் குளிர்காய்வது உங்கள் தொழிலில் ஒளிவுமறைவில்லாத வழக்கம். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. வேல்ஸ் நாட்டு ஊர் ஒன்றை 1882ஆம் ஆண்டு லண்டனாக்கினார்கள். கடலில் ராட்சத ஆக்டோபஸ், வைட்சேப்பல் தெருவில் டைனோசர், வானத்தில் இயந்திர டிராகன். நான் ரசித்தேன். அத்தனைக்கும் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்று முடித்ததும் சரியான பிடிதான். ஆனால் டிராகன் நினைவில் நிற்கிற அளவுக்கு, ஹோம்ஸ் எதைக் கவனித்தார், எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்பது நினைவில் நிற்கவில்லை.

ஹோம்ஸ் கதையில் பூதமா என்று முகம் சுளிப்பவர்களோடு நான் சேர மாட்டேன். 1912இல் டைனோசர்கள் உலவும் பீடபூமியைக் கற்பனை செய்தவரும் ஹோம்ஸைப் படைத்த இதே ஆர்தர் கானன் டாயில்தான். ஆனால் அங்கே தன் இன்னொரு பாத்திரமான பேராசிரியர் சேலஞ்சரைத்தான் அனுப்பினார். சேலஞ்சர், விலங்கு இருக்கிறது என்று உலகத்தோடு மல்லுக்கு நிற்பவர். ஹோம்ஸோ, இருக்கிறது என்று ஊரே நடுங்கும்போது தரையில் குனிந்து தடயம் தேடுபவர். இருவரும் ஒரே வேலைக்கு ஆக மாட்டார்கள்.

1901இல் தொடராக வெளிவரத் தொடங்கிய, ஹோம்ஸ் துப்பறியும் பாஸ்கர்வில் நாவலை மறுபடி படித்துப் பாருங்கள். அது உங்கள் ரகக் கதை. பரம்பரைச் சாபம், சதுப்பு நிலம், வாயில் நெருப்பு கக்கும் நாய். பூதத்துக்கு ஆன ஒப்பனைச் செலவு, கொஞ்சம் பாஸ்பரஸ் பூச்சு! அதிலும் நாயைவிட எனக்குப் பிடித்தது பூட்ஸ். சாபம் சூழ்ந்த குடும்பத்தின் வாரிசு ஹென்றி பாஸ்கர்வில் லண்டன் ஓட்டலில் தங்கியிருக்கிறார். ஒருமுறைகூடக் காலில் போடாத புதிய பூட்ஸில் ஒற்றை மட்டும் காணாமல் போகிறது. அடுத்து, பழைய கறுப்பு பூட்ஸில் ஒற்றை போகிறது. பிறகு பார்த்தால், புதியது அதே அறையில் அலமாரிக்கு அடியில் கிடக்கிறது. ஒற்றை பூட்ஸைத் திருடுகிறவன் யார்? திருடியதைத் திருப்பி வைக்கிறவன் யார்? புதிய தோலில் அணிந்தவனின் வாடை இருக்காது. பழையதில் ஊறிக் கிடக்கும். வாடை யாருக்குத் தேவை? பேய்க்கு மோப்பம் எதற்கு? ஆக, சதுப்பு நிலத்தில் காத்திருப்பது சாபம் அல்ல, இரை தின்னும் அசல் நாய். அதை ஏவிவிட ஒருவன் இருக்கிறான்.

இந்தக் காட்சியை எடுக்க உங்களுக்கு என்ன செலவாகும்? இரண்டு பூட்ஸ், ஓர் அலமாரி. நாய் திரைக்கு வராமலே முதுகு சில்லிட்டுவிடும். நீங்களோ இருக்கிற பணத்தையெல்லாம் கிராபிக்ஸில் கொட்டிவிட்டு, ஹோம்ஸின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஓடவிடுகிறீர்கள்.

1924இல் வந்த, சசெக்ஸில் நடக்கும் ஹோம்ஸ் சிறுகதையில் ரத்தக் காட்டேரியே வருகிறது, அதாவது வருவதாக எல்லோரும் நம்புகிறார்கள். குழந்தையின் கழுத்தில் காயம், தாயின் உதட்டில் ரத்தம். ஹோம்ஸின் கண் போவது பின்னங்கால் இழுத்து நடக்கும் வீட்டு நாயின் மேல். குழந்தைக்கு முன் விஷத்தை யாரோ நாயிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தாய் உறிஞ்சியது அந்த விஷத்தைத்தான். அவளைக் காட்டேரி என்று நினைத்தவர்கள் தலைகுனிய வேண்டியதுதான்.

உங்கள் கஷ்டமும் தெரியாமல் இல்லை. படப்பிடிப்புக்குக் கிடைப்பது சொற்ப நாட்கள். வாங்குபவர் அட்டைப்படத்தில் கேட்பது பற்களும் வாலும். கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஹோம்ஸின் நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளும் 2023 முதல் அமெரிக்காவிலும் பதிப்புரிமை முடிந்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டன. உரிமைத் தொகை மிச்சம். அந்தப் பணத்தில் திரைக்கதை எழுதுபவருக்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுங்கள். டைனோசர் தெருவில் நடக்கட்டும். ஆனால் அதன் கால்தடம் ஏன் இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில் பதிந்திருக்கிறது என்று ஒருவர் மண்டியிட்டுப் பார்க்கட்டும். நான் மறுபடி காசு கொடுத்துப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பார்வையாளன்

பி.கு.: அதே சசெக்ஸ் கதையில், மடில்டா பிரிக்ஸ் என்ற கப்பலோடு தொடர்புடைய சுமத்ராவின் ராட்சத எலியைப் பற்றி ஹோம்ஸ் ஒரே வரியில் சொல்லிவிட்டு, அந்தக் கதைக்கு உலகம் இன்னும் தயாராகவில்லை என்று நகர்ந்துவிடுகிறார். பலர் அதை எழுதிப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் எடுப்பதானால், முதல் அரை மணி நேரம் எலியைக் காட்டாதீர்கள். கப்பலின் சரக்கறையில் கயிறு ஒன்று தொங்கட்டும், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் கடிபட்டு.